டூர்பியோன் பேட்டரி கார் இல்லை

"ரிமாக் வாங்கினதும் புகாட்டி செத்துப்போச்சு, டூர்பியோனும் வெறும் பேட்டரி வண்டிதான்"னு ஒருத்தர் கமெண்ட்ல அடிச்சு விட்டிருக்கார். புகாட்டி பிரெஞ்சு சூப்பர் கார் கம்பெனி, ரிமாக் குரோஷியாவோட எலக்ட்ரிக் கார் கம்பெனி, டூர்பியோன் புகாட்டியோட மாடல். அவர் சொன்னது ரெண்டுமே தப்பு, நண்பரே.

புகாட்டிக்காக 2021-ல் வந்தது கூட்டு நிறுவனம்: அப்போ ரிமாக்குக்கு 55%, போர்ஷேவுக்கு 45%. முழு எலக்ட்ரிக் கார் நெவேரா. அது ரிமாக் பெயரில் விக்குது. 2024-ல் காட்டின டூர்பியோன் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் எலக்ட்ரிக் மோட்டாரும் சேர்ந்தது. அதுல பிரிட்டிஷ் இன்ஜின் கம்பெனி காஸ்வொர்த்தோட சேர்ந்து உருவாக்கின 8.3 லிட்டர் வி16 (16 சிலிண்டர்) இன்ஜின், டர்போவே (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற கருவி) கிடையாது. இன்ஜின் மட்டும் 1,000 குதிரைத்திறன், மூணு மோட்டார் சேர்ந்து இன்னொரு 800. டர்போதான் புகாட்டி அடையாளம்னு புலம்பியிருந்தா நானும் கூட சேர்ந்திருப்பேன்!

புகாட்டி செத்துப்போச்சான்னு தெரிய, ஸ்டீயரிங் நடுவுல தெரியுற ஸ்பீடு மீட்டரைப் பாருங்க. சுவிஸ் கடிகாரக்காரங்க செஞ்சது, 600-க்கு மேல பாகம். ஸ்டீயரிங்கைத் திருப்பினா விளிம்புதான் சுத்தும், மீட்டர் அசையாது.