ஸ்காலர்ஷிப் மார்ச்சில் வந்தால் ஜூனில் ஃபீஸ் கட்டுவது யார்?

கல்லூரியில் பாடம் நடத்துவதோடு எங்கள் துறையின் ஸ்காலர்ஷிப் வேலையும் சில வருடங்களாக என் பொறுப்பில்தான் இருக்கிறது. பட்டியல் சாதிப் பிள்ளைகளைப் பற்றி "அவங்களுக்குத்தான் எல்லாம் ஃப்ரீயாச்சே" என்று பேசுகிறவர்கள், செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாள் கல்லூரி ஆபீஸ் ஜன்னல் பக்கம் ஒருமுறை வந்து நின்று பார்க்க வேண்டும்.

போன வருடம் அங்கே நின்றவள் இரண்டாம் ஆண்டு மாணவி. ஃபீஸ் பாக்கி, அதனால் ஹால் டிக்கெட் இல்லை. அவளுடைய அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு, பாஸ்புக்கை மஞ்சப்பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "ஏறிடும் ஏறிடும்னு சொல்றாங்க சார், இன்னும் ஏறலையே" என்று அந்தப் பாஸ்புக்கையே திரும்பத் திரும்பப் புரட்டினார். விசாரித்தால் பணம் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் இந்தக் கணக்கில் இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட உதவித்தொகைக்காக ஊர் வங்கியில் ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறார்கள், ஆதார் இணைப்பு இன்னமும் அதோடுதான் இருக்கிறது; ஸ்காலர்ஷிப் பணம் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேர் கையிலிருந்ததைப் போட்டுக் கட்டினோம், பரீட்சை எழுதினாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி மூன்று பேர் கிடைப்பார்களா?

பட்டியல் சாதி மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் 1944-லேயே தொடங்கிய திட்டம். 2020 டிசம்பரில் அதை மாற்றியமைத்து மத்திய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு பிரித்தார்கள். மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கு நேராக வரும். இடையில் யாரும் கை வைக்க முடியாது என்பது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம், தாசில்தார் ஆபீஸ், அப்புறம் கல்லூரியின் சரிபார்ப்பு, அதற்கு மேல் துறையின் சரிபார்ப்பு என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்குவதற்குள் கல்வியாண்டே முடியப் பார்க்கிறது. கல்லூரியோ ஜூனிலேயே ஃபீஸ் கேட்கிறது. நடுவில் இருக்கும் அந்த எட்டு ஒன்பது மாதத்துக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டுவது யார்? கையில் காசு இல்லை என்பதால்தானே உதவியே கேட்கிறார்கள்.

வருமான வரம்பையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 2.5 லட்சம், 2013-லிருந்து அதேதான். மாதத்துக்குப் பார்த்தால் 21,000 ரூபாய்கூட வராது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு 11,000 சம்பாதித்தால் போதும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஸ்காலர்ஷிப் கிடையாது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் இட ஒதுக்கீட்டுக்கு மட்டும் வரம்பு 8 லட்சம். இந்த வித்தியாசத்துக்கு நியாயமான ஒரு பதிலை இதுவரை நான் கேட்டதில்லை.

செய்ய முடியாத காரியமா என்றால் நிச்சயமாக இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் மாதிரியான தொழிற்கல்விக்குப் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் மாதாமாதம் வரும் என்ற நம்பிக்கையில் ஒரு பெண் பஸ் செலவையும் புத்தகச் செலவையும் திட்டமிட முடிகிறது, வீட்டில் கை நீட்டாமல் ஜெராக்ஸ் எடுக்க முடிகிறது. அதே உறுதி போஸ்ட் மெட்ரிக் வாங்கும் பிள்ளைக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சேர்க்கையின்போதே விண்ணப்பத்தை முடித்து, முதல் செமஸ்டருக்குள் பணத்தைக் கொடுங்கள். அது வரும்வரை ஃபீஸ் பாக்கியைக் காட்டி எந்தக் கல்லூரியும் ஹால் டிக்கெட்டையோ டி.சி.யையோ நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நடவடிக்கை எடுங்கள்.

அதுவரைக்கும், இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று இந்த வாரமே வங்கிக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள். பழைய கணக்கு என்றால் உடனே மாற்றிவிடச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழ் போடத் தெரியவில்லை என்றால் கூடவே இ-சேவை மையத்துக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.