சிறந்த கொல்லனுக்கு ஒரு வரி

புதுப் புத்தகம் கைக்கு வந்தால் நன்றியுரையை முதலில் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. சென்ற வாரம் வாங்கிய நாவல் ஒன்றில் 43 பெயர்கள் இருந்தன. வேலையற்றவன்போல உட்கார்ந்து எண்ணினேன். பதிப்பாளர், அட்டை ஓவியர், விருதுக் குழுக்களில் அடிக்கடி தென்படும் இரண்டு பேர், ஒரு பேராசிரியர், மாமனார் வீட்டார், வளர்ப்புப் பூனை. எல்லாம் சரி. ஆனால் கைப்பிரதியைப் படித்துவிட்டு "இந்த மூன்றாம் அத்தியாயம் வேண்டாம்" என்று சொன்னவர் இவர்களில் யார்? அப்படி ஒருவர் இருந்தாரா என்றே தெரியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைப் படித்து முடித்தபோது, இருந்திருக்க மாட்டார் என்று முடிவுசெய்துகொண்டேன்.

ஓர் எழுத்தாளர் சக எழுத்தாளருக்கு நன்றி சொன்னால், எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூடப் பெயருக்கு எதிரே தொகையை எழுதுகிறோம். இலக்கியத்தில் மட்டும் பெயர் இருக்கிறது, தொகை இல்லை.

முன்பு நமக்கு இந்தக் கஞ்சத்தனம் இருந்ததில்லை. தொல்காப்பியத்தின் முன்னுரைப் பாட்டான சிறப்புப்பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். பாடியவர் பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பது உரை மரபு. நூல் அரங்கேறியது நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில். அரசன் பெயரைச் சொல்லியாயிற்று, மரியாதை முடிந்தது என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 'அதங்கோட்டு ஆசாற்கு அரில்தபத் தெரிந்து' என்று ஒரு வரி வருகிறது. அதங்கோட்டாசான் கேட்க, குற்றமில்லாதபடி விளக்கிக் காட்டப்பட்ட நூல் இது என்று பொருள். இடம் கொடுத்தவன் பாண்டியன், நூலை நிறுத்துப் பார்த்தவர் ஆசான். யாருக்கு என்ன பங்கு என்பது அந்தச் சில வரிகளிலேயே தெளிவாக இருக்கிறது.

பாயிரம் சொல்லத் தகுதியானவர்கள் யார் என்று நன்னூல் ஒரு பட்டியலே தருகிறது: தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், தகுதியான உரைகாரன். நால்வருமே நூலையோ நூலாசிரியனையோ உள்ளும் புறமும் அறிந்தவர்கள். முந்தைய இரவு காரில் வரும்போது புரட்டிப் பார்த்துவிட்டு முன்னுரை எழுதுகிறவருக்குப் பவணந்தியார் இடம் ஒதுக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் முகப்பில் உள்ள பதிகத்தில் நடப்பது இன்னும் அழகு. கண்ணகி கதையைக் காப்பியமாக்கலாம் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். உடனிருந்த சாத்தனார், 'முடிகெழு வேந்தர் மூவர்க்கும் உரியது, அடிகள் நீரே அருளுக' என்கிறார். எழுதி முடித்ததும் கேட்பவரும் அதே சாத்தனார்தான்: 'உரைசால் அடிகள் அருள மதுரைக் கூல வாணிகன் சாத்தன் கேட்டனன்.' மணிமேகலைப் பதிகத்துக்கு வந்தால் இருக்கை மாறிவிடுகிறது. 'இளங்கோ வேந்தன் அருளிக் கேட்ப' என்று அங்கே சாத்தனார் சொல்ல, அடிகள் கேட்கிறார். இந்தப் பதிகங்கள் பிற்காலத்தவர் கைவேலை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும். யாரோ ஒருவருக்கு, இந்த இரண்டு நூல்களையும் ஒன்றையொன்று கேட்ட நூல்களாக நிறுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நம் கூட்டங்களில் ஒருவர் வாசிக்கும்போது அடுத்து வாசிக்க வேண்டியவர் வெளியே போனில் பேசிக்கொண்டிருப்பார்.

கடல் கடந்து போனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட். அவருடைய 'பாழ்நிலம்' (The Waste Land) என்ற நெடுங்கவிதை 1922இல் வெளிவந்தது. நரம்புத் தளர்ச்சிக்கு சுவிட்சர்லாந்தின் லோசானில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் வழியில், பாரிஸில் சக கவிஞர் எஸ்ரா பவுண்டிடம் கைப்பிரதியைக் கொடுத்தார். பவுண்ட் பென்சிலை எடுத்தார். நீண்ட கடற்பயணப் பகுதி ஒன்று முழுவதுமாகப் போனது. அதன் கடைசியில் இருந்த பத்து வரிகள் மட்டும் தப்பின. மனமுடைந்த எலியட், அந்தப் பத்தையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது, அது கவிதையோடு ஒட்டிப் பிறந்தது என்றார் பவுண்ட். வெட்டத் தெரிந்த கைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

முதல் பதிப்பில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1923 ஜனவரியில், பவுண்டுக்குக் கொடுத்த பிரதியில் எலியட் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த வரி அச்சில் ஏறியது 1925ஆம் ஆண்டுத் தொகுப்பில். 'எஸ்ரா பவுண்டுக்கு' என்று எழுதி, அதன் கீழே இத்தாலிய மொழியில் 'சிறந்த கொல்லன்'. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் ஒரு பாத்திரத்தைக் கொண்டு, ஒரு பழைய புரோவான்ஸ் கவிஞனைப் பற்றிச் சொல்லவைத்த சொல் அது. மேதை என்றோ ஆசான் என்றோ எழுதாமல் கொல்லன் என்று எழுதினார், பாருங்கள். காய்ச்சினான், அடித்தான், வளைத்தான் எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

எலியட் அதோடு நிற்கவும் இல்லை. 1946இல், தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு பவுண்ட் வாஷிங்டனில் மனநல மருத்துவமனை ஒன்றில் அடைபட்டிருந்தபோது, ஒழுங்கில்லாமல் பரந்து கிடந்த தன் கவிதை அவர் கையிலிருந்து ஏறக்குறையப் பாதியாகத் திரும்பி வந்தது என்று எழுதினார். இத்தாலிய வானொலியில் பவுண்ட் பேசிய யூத வெறுப்பை நான் மன்னிக்கவில்லை. கடன் என்பது கொடுத்தவனின் நடத்தையைப் பார்த்துத் தள்ளுபடி ஆவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எலியட்டையும் முழு யோக்கியர் என்று சொல்லிவிட முடியாது. தொலைந்ததாக நினைத்த கைப்பிரதிகள் கிடைத்து 1971இல் நகல் பதிப்பாக வந்தபோது, ஓரங்களில் இன்னொரு கையெழுத்தும் இருந்தது. முதல் மனைவி விவியன். மதுக்கடைப் பெண்கள் பேசும் பகுதியில், பிள்ளை வேண்டாமென்றால் எதற்குக் கல்யாணம் செய்துகொண்டாய் என்ற பொருளில் வரும் வரி அவர் எழுதிக் கொடுத்தது. கொல்லனுக்கு ஒரு வரி கிடைத்தது. துருத்தி ஊதியவருக்கு ஒன்றுமில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் கணக்கு இதைவிட மோசம். 1959இல் கன்சாஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி எழுதப் போனவர், பக்கத்து வீட்டுச் சிறுவயதுத் தோழியும் எழுத்தாளருமான ஹார்ப்பர் லீயைத் துணைக்கு அழைத்துப் போனார். கபோட்டியின் குரலையும் உடையையும் பார்த்து ஊர் மிரண்டது. லீ சமையலறை வழியாக உள்ளே போய் ஊரைப் பேசவைத்தார். 150 பக்கம் அளவுக்குக் குறிப்புகள் தட்டச்சுச் செய்து கொடுத்தார். 'இன் கோல்ட் பிளட்' என்ற அந்தப் புத்தகம் 1966இல் வந்தபோது அவருக்குக் கிடைத்தது கபோட்டியின் துணைவரோடு பங்குபோட்ட சமர்ப்பணம்: அன்புடனும் நன்றியுடனும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. செய்த வேலையை அன்பு என்ற போர்வையால் மூடிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. லீ இதனால் காயப்பட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

(சமர்ப்பணம் வம்பில் முடிவதும் உண்டு. சார்லட் பிராண்டி 'ஜேன் ஐர்' இரண்டாம் பதிப்பைத் தான் நேரில் பார்த்தே இராத நாவலாசிரியர் தாக்கரேக்குச் சமர்ப்பித்தார். தாக்கரேயின் மனைவி மனநலம் குன்றியிருந்தது சார்லட்டுக்குத் தெரியாது. நாவலிலும் மனநலம் குன்றிய மனைவி உள்ள ஒருவர் வீட்டுக்குப் பாடம் சொல்லித்தர வருகிற பெண்ணே கதை சொல்வதால், எழுதியவர் தாக்கரே வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த பெண்தான் என்று லண்டன் முழுக்கப் பேச்சு.)

இவ்வளவு பேசுகிற நான் செய்ததையும் சொல்ல வேண்டும். என் முதல் தொகுப்பைக் கைப்பிரதியில் படித்தவர், எங்கள் ஊர்த் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சிறுகதையாளர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பென்சிலால் மட்டுமே திருத்துவார். "மை அழியாது தம்பி, நாளைக்கு உங்கள் மனம் மாறலாம்" என்பார். சில கதைகளை எடுத்துவிடச் சொன்னார். தலைப்புக் கதையின் முதல் இரண்டு பக்கங்களைக் குறுக்காக ஒரு கோடு போட்டு முடித்தார். பத்து நாள் அவரோடு பேசவில்லை. பிறகு எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே செய்தேன்.

நன்றியுரையில் பதிப்பாளர் இருந்தார், முன்னுரை தந்த பெரியவர் இருந்தார், அப்போது ஓர் இதழில் செல்வாக்கோடு இருந்த ஒருவரும் இருந்தார். அண்ணன் 'மற்றும் நண்பர்கள்' என்பதற்குள் இருந்தார். மறதி என்று சொன்னால் பொய். இத்தனை திருத்தம் இன்னொருவர் செய்தது என்று தெரிந்தால் என்னை யார் மதிப்பார்கள் என்ற பயம். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர் தேநீர்க் குவளையோடு ஓரமாக நின்று புரட்டினார். "கதை தொடங்குகிற இடம் இப்போது நன்றாக வந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

சென்ற மாதம் இரண்டாம் பதிப்பு வந்தது. பக்க எண் மாறிவிடும், புதிதாக ஒரு பக்கம் சேர்க்க முடியாது என்றார் பதிப்பாளர். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் காலியாகத்தானே இருக்கிறது என்று கெஞ்சி இரண்டு வரி வாங்கினேன். அண்ணனின் பெயரைப் போட்டு, 'இத்தொகுப்பிலிருந்து மூன்று கதைகளை நீக்கியவர். தலைப்புக் கதை எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டியவர்' என்று அச்சாயிற்று.

பிரதி கிடைத்த அன்று இரவு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு பிழை இருக்கிறது. மூன்று இல்லை, நான்கு. அந்தப் பேருந்து நிலையக் கதையை விட்டுவிட்டீர்கள்."

பரணில் பழைய பையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இருந்தது. எழுதியதே எனக்கு நினைவில்லை. முதல் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு, இன்னும் அழியாமல்.