பச்சை உடம்பு, பொன் கண் மட்டும் போதாது

பச்சை கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் பற்றிய கட்டுரை ஒன்று, பச்சை உடம்பும் தங்க நிறக் கண்ணும் இருந்தால் அது கிரைசோபெர்லா கார்னியா என்ற இனம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறது. அவ்வளவு சுலபமாக இருந்தால் வகைப்பாட்டியலாளர்களுக்கு வேலையே இருக்காது! பச்சை கண்ணாடி இறக்கைப் பூச்சிகளில் பெரும்பாலானவை பச்சைதான். செத்துக் காய்ந்தால் பச்சை வெளிறும், கண்ணின் பொன் மினுக்கமும் போய்விடும். ஐரோப்பாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் கார்னியா உயிரோடு இருக்கும்போதே பழுப்பாகிவிடுகிறது.

முதலில் முன் இறக்கையை லென்ஸில் பாருங்கள். நடு நரம்பையொட்டி இன்ட்ராமீடியன் செல் என்ற ஒரு சின்ன மூடிய அறை இருக்கும். கிரைசோபெர்லா பேரினத்தில் அது குட்டையானது; மேலிருந்து இறங்கும் முதல் குறுக்கு நரம்பு அதைத் தொடாமல், அதன் நுனியைத் தாண்டிப் போய்ச் சேரும். அடுத்து கன்னத்துக் கோடு, கால் நகத்தின் அடிப்பக்க அகலம். கடைசித் தீர்ப்பு ஆண் பூச்சியின் பிறப்புறுப்பில். வயிற்று நுனியை வெட்டி, பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

அப்படியும் 1836-இல் பெயரிடப்பட்ட இந்தக் கார்னியா ஒரே இனமல்ல, ஒன்றுபோல் தோன்றும் பல இனங்களின் கூட்டம் என்று பின்னால் தெரியவந்தது. இந்தப் பூச்சிகள் வயிற்றை அதிரவைத்து இலை வழியாக இணையோடு பேசுகின்றன. இனத்துக்கு இனம் அந்தத் தாளம் வேறு. நம் இந்திய ஆய்வகங்களில் அரிசி அந்துப்பூச்சி முட்டை கொடுத்து வளர்க்கும் பூச்சியையும் வெகுகாலம் கார்னியா என்றுதான் எழுதிவந்தோம். இப்போது அதற்குப் பெயர் கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி. கட்டுரையில் இதையாவது திருத்துங்கள்.