சான்றிதழ் அட்டையை விடுங்கள், தேர்வு வைத்தது யார் என்று கேளுங்கள்

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த நாட்டுச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம் என்பதைத்தான். என்னைக் கேட்டால் முதலில் விசாரிக்க வேண்டியது இரண்டு விஷயம்: தேர்வு வைப்பது யார், அதற்கு முன்னால் எவ்வளவு கடல் பார்த்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் சொந்த உல்லாசத்துக்காகச் சின்னப் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போக எந்த உரிமமும் வேண்டாம். ஆனால் அதே நாட்டில் ஆர்.ஒய்.ஏ. (ராயல் யாட்டிங் அசோசியேஷன் என்ற படகோட்டச் சங்கம்) வைக்கும் யாட்மாஸ்டர் ஆஃப்ஷோர் என்ற உயர்நிலைத் தேர்வுக்குப் போகவே 50 நாள் கடலில் இருந்திருக்க வேண்டும், 2500 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும், அதில் இரவுப் பயணமும் நீங்களே ஸ்கிப்பராக, அதாவது படகின் தலைவராக, இருந்த பயணமும் வேண்டும். பரீட்சிக்க வருபவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவராக இருக்க மாட்டார். மூடுபனி என்று வைத்துக்கொள்ளச் சொல்லி உங்களைக் கீழே கேபினில் உட்காரவைத்து விடுவார், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. கடல் வரைபடம், ஆழமானி, வேகம், கடிகாரம், அவ்வளவுதான் கையில். வரைபடத்தில் ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மேலே சுக்கான் பிடித்திருப்பவருக்குத் திசை சொல்லிச் சொல்லியே படகை மிதவை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த நேரத்து ஓத உயரத்தை (கடல் மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம்) கணக்கில் கழிக்க மறந்தால் படகு வேறெங்கோ போய் நிற்கும். இப்படி ஒரு தேர்வைத் தாண்டியவரோடு நான் இரவிலும் நம்பிப் போவேன்.

ஜெர்மனியில் நேர் தலைகீழ். 15 குதிரைத்திறனுக்கு மேல் இன்ஜின் இருந்தால் எஸ்.பி.எஃப். சீ என்ற கடல் படகு உரிமம் சட்டப்படி கட்டாயம், ஆனால் அதன் செய்முறைத் தேர்வு மோட்டார் படகிலேயே முடிந்துவிடும், பாயைத் தொடவே வேண்டாம். பாய்மரத்துக்கென உள்ள எஸ்.கே.எஸ். என்ற சான்றிதழ் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், அதற்கு 300 கடல் மைல் ஓடியிருக்க வேண்டும். பிரான்சில் பாய்மரப் படகுக்கு உரிமமே கேட்பதில்லை.

அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ. என்ற பாய்மரப் பயிற்சி அமைப்பின் பாடம் 101, 103, 104 என்ற எண்களில் படிப்படியாகப் போகிறது, மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துத் தரும் பள்ளிகளும் உண்டு, சொல்லிக்கொடுத்தவரே தேர்ச்சியும் போடுகிறார். இது எனக்கு உடன்பாடில்லை. சரி, நியாயமாகச் சொன்னால் ஆர்.ஒய்.ஏ.வின் டே ஸ்கிப்பர் என்ற கீழ்நிலைச் சான்றிதழின் செய்முறைப் பயிற்சியும் ஐந்து நாள்தான், அதையும் பயிற்றுநரே முடிவு செய்கிறார். ஆக, பெயரில் ஸ்கிப்பர் இருப்பதாலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அடுத்த மாதமே கிளம்பிவிடுவது தவறு.

அப்புறம், எந்தக் கடலில் கற்றீர்கள் என்பது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் ஓதம் அரை மீட்டர்கூட இருக்காது. பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாய் என்ற கடல் பகுதியில் அது 12 மீட்டரைத் தாண்டும், காலையில் நங்கூரம் போட்ட இடம் மாலையில் வெறும் சேறாகக் கிடக்கும். கிரீஸ், குரோஷியாவில் படகு வாடகைக்கு எடுக்கப் பலர் காட்டும் ஐ.சி.சி. என்ற சர்வதேசப் படகோட்டித் தகுதி அட்டை, இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: ஒரு படகில் எத்தனை மாணவர்கள், இரவுப் பயணம் உண்டா, காற்று பலமாக இருந்தால் வகுப்பு நடக்குமா, ஒரு முழுப் பயணத்தையாவது என் பொறுப்பில் விடுவீர்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள்.