பன்னிரண்டரை மணிக்கான சோறு

பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்ட சாப்பாடு பாதி மிச்சமாகத் திரும்பி வந்தால், வீட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது அம்மாவின் முகத்தைத்தான். "நல்லா செஞ்சு குடுத்தா புள்ள ஏன் மிச்சம் வைக்குது?" என்று கேட்டுவிடுகிறார்கள். அடுப்பை விட்டு இறங்கி ஆறு மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சோறு பிள்ளையின் வாய்க்குப் போகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். நீடாமங்கலம், மன்னார்குடி சுற்றுவட்டக் கிராமங்களில் ஏழு, ஏழேகாலுக்கே தனியார் பள்ளி வேன் வந்துவிடும். ஆறரைக்குள் டப்பாவை மூடியாக வேண்டும். பிள்ளை அதைத் திறப்பது பன்னிரண்டரைக்கு. அதுவரை அந்தப் பை ஆனி, ஆவணிப் புழுக்கத்தில் வகுப்பறை மூலையில் கிடக்கிறது. காலையில் சுடச்சுட ருசியாக இருந்த நூடுல்ஸ் அதற்குள் கட்டியாகிவிடும், சப்பாத்தி வறண்டுவிடும், பச்சைத் தேங்காய்ச் சட்னி ஊசியே போய்விடும். சத்தான சாப்பாடு என்று இணையத்தில் வருகிற வண்ண வண்ணப் படங்களில் இந்த ஆறு மணி நேரம் இல்லவே இல்லை. எனக்கு அவற்றின் மேல் உள்ள வருத்தம் அதுதான்.

செய்து பல மணி நேரம் கழித்துச் சாப்பிடுவதற்கென்றே ஒரு சமையல் நம்மிடம் இருக்கிறது. அதற்குப் பெயர் கட்டுச்சோறு. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரைக்கும் வெண்ணாற்றங்கரைக்கும் எதைக் கட்டிக்கொண்டு போகிறோம்? புளிச்சோறு, எலுமிச்சை சாதம், தயிர் சாதம். ஒவ்வொன்றும் ஆறிய பிறகும் ருசிக்கிற சோறு. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்தால் சோறு சீக்கிரம் கெடாது. வெந்தயமும் பெருங்காயமும் போட்டுப் புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமையே காய்ச்சி வைத்துவிட்டால் அந்த வாரத்தில் இரண்டு நாள் காலைப் பரபரப்பு குறையும்.

தயிர் சாதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காலையிலேயே தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்தால் மத்தியானம் புளித்துவிடும். சோற்றைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட வேண்டும். பிள்ளை டப்பாவைத் திறக்கிற நேரத்துக்கு அது பதமாகத் தோய்ந்திருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மாமியார். "சூடா மூடாதம்மா, ஆவி வேர்த்து எறங்கி சோறு நொந்துபோயிடும்" என்பார். தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஆறவிட்டு, பிறகுதான் எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வைப்போம். சோறு கெட்டுப்போவதற்குக் காரணமான கிருமிகளுக்குப் பிடித்தது இந்த வெதுவெதுப்பும் ஈரமும்தான். தேங்காய் கேட்டு அடம்பிடிக்கிற அன்றைக்கு, வறுத்து அரைத்த பருப்புத் துவையல் வைக்கலாம்.

ஆனால் புளிச்சோறு மட்டும் போதுமா என்றால் போதாது. கூடவே பயறு வேண்டும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுகிற ஊர்கள் நம்முடையவை. பனி ஈரத்திலேயே அது விளைந்துவிடும். அப்படி விளைந்ததை மூட்டை கட்டி வியாபாரிக்குப் போட்டுவிட்டு, பிள்ளை கையில் பத்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்தனுப்புகிறோமே, இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற புரதக்கூறு பயறிலும் பருப்பிலும் நிறைய இருக்கிறது. அவற்றில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற இன்னொரு புரதக்கூறு அரிசியில் இருக்கிறது. சோற்றோடு ஒரு கைப்பிடி பச்சைப்பயறுச் சுண்டல் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்று, முருங்கைக்கீரை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருந்த குழந்தைகளில் சுமார் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அந்தக் குழந்தைகள்தான் பிறகு ஆரம்பப் பள்ளிக்கு வந்தவர்கள். கொல்லையில் நிற்கிற மரத்துக் கீரையை அடைமாவில் கலந்து வார்த்துக் கொடுக்கலாம், முட்டையோடு வதக்கி வைக்கலாம். கூடவே ஒரு நெல்லிக்காய்த் துண்டோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும்.

இவ்வளவும் செய்து கொடுத்தும் டப்பா பாதியோடு திரும்பி வரும். ஏன் என்று என் மகளிடம் கேட்டால், "பெல் அடிச்சிட்டாங்கம்மா" என்பாள். சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிஷம். அதில் கை கழுவ வரிசை, தண்ணீர் பிடிக்க வரிசை. மிச்ச நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளை எதை மென்று விழுங்கும்? அம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த இருபது நிமிஷத்தைப் பற்றிப் பேச வேண்டும். முட்டை கூடாது, மீன் கூடாது, குழம்பு கூடாது என்று சொல்கிற பள்ளிகளும் இருக்கின்றன. கெண்டையும் விராலும் சாப்பிட்டு வளர்கிற பிள்ளைக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியே கூச்சம் வந்துவிடுகிறது. நெல் விளைகிற மண்ணில் சோற்று டப்பாவைத் திறக்கப் பிள்ளை தயங்குகிறது என்றால் அது நாம் எல்லோரும் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அரசுப் பள்ளியைப் பாருங்கள். 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு, இப்போது பள்ளி நாள்களில் அவித்த முட்டை. காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம் திருக்குவளையிலிருந்துதான். அங்கே பிள்ளைக்குச் சுடுசோறு கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டுகிற நம் பிள்ளை ஆறிப்போனதை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறது.

வீட்டில் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறரைக்குள் எல்லாம் முடிய ஒருத்தியே பார்த்தால் அவள் நாலரைக்கு எழ வேண்டும். இரண்டு பேர் கைபோட்டால் ஐந்தரைக்கு எழுந்தால் போதும். சுண்டலுக்குப் பயறு ஊறவைக்கவும், சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பவும் பெரிய சமையல் ஞானம் வேண்டியதில்லை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இலேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி வந்துவிட்டது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதை நினைவுபடுத்தப் போகிறேன். கூடவே மூன்று விஷயம் கேட்கப் போகிறேன்: சாப்பிட நாற்பது நிமிஷம், கை கழுவ இன்னும் நான்கு குழாய், டப்பாவில் முட்டையும் மீனும் இருந்தால் தடுக்காமல் இருப்பது. எங்கள் தெருவில் ஐந்தாறு வீட்டுப் பெற்றோர் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதத் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றி அன்றைக்குக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.