74 வெற்றியை மட்டும் வைத்து முதலிடம் கொடுக்க முடியாது

வினாடி வினா பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தால் 'இருப்பதிலேயே பெரிய ஆள் யார்' என்ற பேச்சு வராமல் போகாது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜெப்பர்டி வினாடி வினா என்றால் அது கென் ஜென்னிங்ஸில் ஆரம்பித்து அவரிலேயே முடிந்துவிடும். அங்கே ஜெயித்தவர் தோற்கும்வரை அடுத்தடுத்த ஆட்டங்களிலும் ஆடலாம். அவர் 2004இல் தொடர்ந்து 74 வெற்றிகள், 25 லட்சம் டாலருக்கு மேல் பரிசு. அசாத்தியமான சாதனை, மறுக்கவே இல்லை. ஆனால் எதிரே நின்றவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த மேடை ஏறியவர்கள். அதே ஜெப்பர்டியில் 2000இல் ஆடிய பிராட் ரட்டருக்கு இப்படித் தொடர்ந்து ஆடும் வாய்ப்பே கிடைக்கவில்லை. அப்போது ஐந்து ஆட்டம் ஜெயித்தால் தோற்காமலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வரம்பை 2003இல்தான் எடுத்தார்கள்.

எண்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது குவிஸ் பவுல் (பள்ளி, கல்லூரி அணிகள் மோதும் வினாடி வினா) ஆடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே கேள்வி கடினமான குறிப்பில் தொடங்கிப் போகப்போக எளிதாகும், நடுவிலேயே பஸ்ஸரை அழுத்தலாம். விடை ராமானுஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1920இல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் வந்த 'மாக் தீட்டா' சார்புகளிலேயே ஒருவர் அழுத்திவிடுவார். டாக்ஸி எண் 1729 வரும்வரை காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. சீக்கிரம் அழுத்திச் சரியாகச் சொன்னால் 15 புள்ளி, தாமதித்தால் 10. அவசரப்பட்டு உளறினால் 5 போய்விடும், அணியே அந்தக் கேள்வியை இழக்கும். என்னைக் கேட்டால் அறிவை அளக்க இதைவிட நேர்மையான முறை இல்லை.

ஆனால் அங்கேயும் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரி ஏமாற்றும். பலவீனமான அணியில் தனியாளாக இழுக்கிறவருக்கு எல்லாக் கேள்வியும் கிடைக்கும். நாலு பேருமே கில்லாடிகளாக உள்ள அணியில் ஒவ்வொருவர் புள்ளியையும் பக்கத்தில் இருப்பவரே பறித்துக்கொள்வார். அவர் சராசரி குறைவு என்பதற்காகக் கீழே தள்ளுவது அநியாயம்.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: சமமான ஆட்கள் எதிரே இருக்கும்போது யார் ஜெயித்தார்கள்?

அப்படிப் பார்த்தால் என் முதலிடம் விக்டோரியா க்ரோஸுக்கு. 2005இல் ஜெப்பர்டியில் அவர் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், அடுத்ததிலேயே தோற்றார். தொடர்வெற்றிப் பட்டியலில் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அந்த ஒரு ஆட்டத்தில் அவர் வீழ்த்தியது 19 ஆட்டங்கள் வரிசையாக ஜெயித்து வந்த டேவிட் மேடனை! 2024இல் திரும்பி வந்தார். 40 தொடர்வெற்றி கண்ட ஏமி ஷ்னைடரை ஜெப்பர்டி பழைய வீரர்களை அழைத்து நடத்திய அழைப்புப் போட்டியின் இறுதியில் தோற்கடித்தார். அப்புறம் ஜெப்பர்டியின் முன்னணி வீரர்கள் மட்டும் மோதும் மாஸ்டர்ஸ் பட்டம். அதே ஆண்டு உலக வினாடி வினா சாம்பியன் பட்டமும் அவருக்கே. அது எழுத்துத் தேர்வு, 240 கேள்விகள். பஸ்ஸரே கிடையாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஜெப்பர்டியில் கேள்வியை வாசித்து முடிக்கும்வரை பஸ்ஸர் வேலை செய்யாது. முந்தி அழுத்தினால் கால் நொடி முடங்கிவிடும். மூன்று பேருக்கும் விடை தெரிந்திருந்தால் விரல்தான் ஜெயிக்கும். விரலிலும் ஜெயித்து, விரலே தேவைப்படாத இடத்திலும் ஜெயித்தவர் க்ரோஸ்.

ஜென்னிங்ஸுக்கு இரண்டாம் இடம் கொடுப்பேன், 74க்காக அல்ல. 2020 ஜனவரியில் ரட்டரையும் இன்னொரு ஜெப்பர்டி நட்சத்திரமான ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவரையும் ஒரே மேடையில் வென்றாரே, அதற்காக. மூன்று ஆட்டம் அவருக்கு, ஒன்று ஹோல்ஸ்ஹவருக்கு, ரட்டருக்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு தொடரை வைத்து ரட்டரை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2005இலும் 2014இலும் ஜென்னிங்ஸைத் தோற்கடித்துப் பட்டம் வென்றவர் அவர். மூன்றாமிடம் அவருக்கே. ஒரே ஆட்டத்தில் 1,31,127 டாலர் எடுத்த ஹோல்ஸ்ஹவருக்கு நான்காவது. சேர்த்த தொகையைத் துணிந்து பந்தயம் கட்டியதுதான் பணத்தை ஏற்றியது என்றாலும், அவர் வென்ற 2023 மாஸ்டர்ஸில் எதிரே இருந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை.

யோகேஷ் ராவுத்தை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். குவிஸ் பவுலில் வளர்ந்தவர், ஜெப்பர்டியில் முதன்முறை ஆடியபோது மூன்றே வெற்றி, 2024இல் சாம்பியன்கள் போட்டியில் பட்டம், 2025இல் க்ரோஸையே இரண்டாமிடத்துக்குத் தள்ளி மாஸ்டர்ஸ் பட்டம். இன்னொரு முறை க்ரோஸை வீழ்த்தட்டும், ஹோல்ஸ்ஹவரை இறக்கிவிட்டு அவரை மேலே ஏற்ற எனக்கு ஒரு தயக்கமும் இருக்காது.