நாய்க்குச் சமையல் சோடா கொடுக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "நாய் சிறுநீரில் அமிலம் அதிகம், அதனால்தான் புல்தரை கருகுகிறது. தினமும் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கலந்து கொடுங்கள்." இது தவறு.

புல்லைக் கருக்குவது அமிலம் அல்ல. சிறுநீரில் உள்ள யூரியா, அதாவது தழைச்சத்து, கூடவே உப்புகள். வயலில் ஒரே இடத்தில் யூரியா கொட்டினால் பயிர் கருகுமே, அதேதான். கருகிய வட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள்: பல நேரம் அங்கே புல் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். சத்து அளவாகச் சேர்ந்த இடம் அது. பெண் நாய்கள் உட்கார்ந்து ஒரே இடத்தில் பெய்வதால் திட்டு பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

சோடாவில் சோடியம் அதிகம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமான நாய்க்கு அது ஆபத்து. சிறுநீரின் காரத்தன்மை கூடினால் சிலவகைக் கற்களும் உருவாகலாம். புல்லுக்காக வாயில்லா ஜீவனை வதைக்க வேண்டுமா?

நாய் சிறுநீர் கழித்த உடனே அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். நம் செட்டிநாட்டு வெயிலில் தாமதித்தால் பலன் குறைவு. குடிக்க எப்போதும் நல்ல தண்ணீர் வையுங்கள். அருகம்புல் என்றால் ஓடுதண்டு விட்டுத் தானே மூடிக்கொள்ளும். கருகிய இடத்தில் உரம் போடாதீர்கள்; அங்கே சத்து ஏற்கெனவே அதிகம்.

சந்தேகமா? நாயைப் பற்றி அரசு கால்நடை மருத்துவரிடமும், மண்ணைப் பற்றிக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதைப் போட்டுவிடுங்கள்.